சொதிப் பானையில் விழுந்த கல்

எல்லோரும் குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிறார்கள். நான் கல் பொறுக்கப் போனேன். அதுவும் ஒழுகும் மூக்கோடு, கழுத்தில் கம்பளித் துண்டோடு, ஆடி மாதக் கடைசியில்.

கொழும்பில் ஒரு நூதனசாலையில், கற்கள் வைத்திருக்கிற பகுதியில் எனக்கு வேலை. ஊர் யாழ்ப்பாணம். வானத்திலிருந்து விழுகிற கற்களை மெல்லிய வில்லைகளாக அறுத்து, மெருகேற்றி, பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்து, உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதிவைப்பது என் பொறுப்பு. கேட்க அழகாக இருக்கும். ஆனால் 'வானத்துக் கல்' என்று சனங்கள் கொண்டுவந்து தருவதில் பெரும்பாலானவை கொல்லன் உலைக் கசடு, இல்லாவிட்டால் துருவேறிய செம்பாறை. அதைச் சொன்னதும் கொண்டுவந்தவர் முகம் வாடிப்போகும். அன்று இரவு எனக்குத் தூக்கம் வராது. எதற்கும் கவலைப்படுகிற ஆளுக்கு இந்த வேலை சரிப்படாது என்று எங்கள் மேலதிகாரி துரையே சொல்லியிருக்கிறார்.

சங்கதியைக் கொண்டுவந்தவர் மீரான் சாயபு. தென்காசிக்காரர்; கொழும்புப் புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருக்கிறார். அவருடைய பால்ய சிநேகிதர் சங்கரலிங்கம் பிள்ளை அச்சன்புதூரில் வயல் வைத்துப் பயிரிடுகிறவர். ஆனி மாதத்தில் பிள்ளையின் மகளுக்குக் கல்யாணம். அந்தப் பக்கத்தில் கல்யாணத்துக்கு மறுநாள் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாரை உட்காரவைத்து, தேங்காய்ப்பால் குழம்பான சொதியோடு விருந்து போடுவது வழக்கம். அதைச் சாப்பிட்டுவிட்டுத்தான் பெண்ணை அழைத்துப் போவார்கள். இலை போட்டாயிற்று. அந்த நேரம் பார்த்து ஒரு கல் கூரை ஓட்டைப் பிய்த்துக்கொண்டு வந்து, அடுக்களையில் சொதிப் பானைக்குள் விழுந்தது.

"பானை ரெண்டாப் போச்சு. சொவரெல்லாம் சொதி. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இலையை விட்டு எந்திச்சுப் போயிட்டாங்க. பொண்ணையும் கூட்டிட்டுப் போவல," என்றார் மீரான் சாயபு.

"கல்லு எப்பிடி இருந்தது?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"கல்லை விடுங்க. எவனோ எறிஞ்சிருக்கான்னு சொல்லுதாங்க. கல்யாண வீட்டுல கல்லெறியணும்னா அவனுக்கும் பொண்ணுக்கும் என்னன்னு கேக்குதாங்க. மாப்பிள்ளையோட அம்மாவே கேக்குதாங்க. புதுப் பொண்ணை ஆடிக்குப் பொறந்த வீட்டுக்குக் கூப்பிடுறது வழக்கம்லா? அதனால இப்போ ஒண்ணும் தெரியல. 'ஆடிக்கு வந்திருக்கா'ன்னு சொல்லிச் சமாளிக்காங்க. ஆவணி பொறந்தும் யாரும் வந்து கூட்டிட்டுப் போவலைன்னா ஊருக்கெல்லாம் தெரிஞ்சுபோவும். பொறவு அந்தப் பிள்ளைக்கு வாழ்க்கை ஏது?"

அது உண்மையிலேயே வானத்துக் கல்லானால் யாரும் எறியவில்லை என்று ஆகிவிடும். அதை அறுத்துப் பார்த்துச் சொல்லக்கூடிய ஆள் நான். இதுதான் அவர் கணக்கு. துரைக்கும் புதிய கல் என்றால் ஆசை. "எப்படியாவது வில்லை அறுத்துக் கொண்டு வா" என்று அனுப்பிவைத்தார். கப்பலையும் ரயிலையும் பற்றி எழுத ஒன்றுமில்லை. வழி நெடுக, கல் செம்பாறையாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே போனேன்.

தென்காசியில் இறங்கியபோது வெயிலா மழையா என்று தெரியவில்லை. வெயிலும் அடிக்கிறது, சட்டையும் நனைகிறது. "சாரல்" என்றார் மீரான் சாயபு, சொந்தத் தோட்டத்து மாம்பழத்தைக் காட்டுகிறவர் போல. எங்கள் ஊரில் மழை பெய்தால் பெய்யும், விட்டால் விடும். அதன்பிறகு கிணற்றை நம்பித்தான் பிழைப்பு. இங்கே கயிற்றில் போட்ட வேட்டி காய்கிற வழியாகவே தெரியவில்லை. எனக்கு உடனே கல்லின் நினைவு வந்தது. வானத்துக் கல்லுக்குள் பொட்டுப் பொட்டாக இரும்பு இருக்கும். ஈரம் பட்டால் துருவேறி, பார்வைக்கு உள்ளூர்க் கல்லாகவே ஆகிவிடும்.

பெரிய கோயிலைத் தாண்டித்தான் அவர் வீட்டுக்குப் போகவேண்டும். கோபுரத்துக்கு உச்சி இல்லை. நடுவில் பிளந்து, இரண்டு பக்கமும் மொட்டையாக நின்றது. "இடி விழுந்துச்சும்பாங்க. எங்க பாட்டனாருக்கும் முந்தி," என்றார். அதன் கீழே சனங்கள் தேங்காய் பழத்தட்டோடு உள்ளே போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள்.

வீட்டில் அரிசி ரொட்டியும் கறியும் வந்தன. உள்ளேயிருந்து மீரான் சாயபுவின் மனைவி, "உறைப்பு போதுமான்னு கேளுங்க" என்று சொன்னது காதில் விழுந்தது. உறைப்பு! மதராஸ் பக்கத்து ஆட்கள் காரம் என்பார்கள். எங்கள் வீட்டுச் சொல்லை அந்த ஊரில் கேட்டதும் நெஞ்சு கொஞ்சம் இளகியது. நான் "ஓம், போதும்" என்றேன். "ஆமாங்கிறதுக்கு ஓம்ங்காரே, இவரு சாமியாரா?" என்று உள்ளே ஒரு சிரிப்புக் கேட்டது.

மறுநாள் வில்வண்டியில் அச்சன்புதூருக்குப் புறப்பட்டோம். பாதி வழியில் தண்ணீர் ஓடுகிற ஓர் இடத்தில் மாடு படுத்துவிட்டது. வண்டிக்காரர் அதட்டினார், வாலை முறுக்கினார், கடைசியில் கெஞ்சினார். மாடு கேட்கவில்லை. "அதுக்குக் குளிரு தேவலைன்னு தோணுது அண்ணாச்சி, அங்கனயே கெடக்கட்டும்" என்று அவரும் கரையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார். நாங்கள் வயல் வரப்பில் நடந்தே போய்ச் சேர்ந்தோம். என் கால்சட்டை முழங்கால்வரை சேறு.

பிள்ளையின் வீட்டுக் கூரை முழுவதும் பாசி பிடித்துக் கறுத்திருந்தது. நடுவில் நாலைந்து ஓடு மட்டும் புதுச் சிவப்பு. கல் விழுந்த இடம் அதுதான். பிள்ளை நல்ல உயரமான மனிதர். ஆனால் எங்களைக் கண்டதும் தோளைக் குறுக்கிக்கொண்டு வந்தார். வாசலில் நின்று பேசப் பயந்து எங்களை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"கல்லைப் பாக்கலாமோ?" என்றேன்.

பிள்ளையும் அவர் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த அம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தார். "சொதியில விழுந்த கல்லாச்சே, பிசுக்கு போவணும்லா? புளியும் சாம்பலும் போட்டு நல்லா தேச்சு வச்சேன். முதல்ல மேலெல்லாம் கருகின தோலு மாதிரி இருந்துச்சு. தேய்க்கத் தேய்க்க அதெல்லாம் போயிட்டு."

அந்தக் கருகின தோல்தான் வானத்துக் கல்லுக்கு முதல் அடையாளம். ஆகாயத்தில் வேகமாக வரும்போது மேற்புறம் உருகி அப்படி ஆகும். அதைப் பார்த்தாலே நான் பாதி சொல்லியிருப்பேன். சரி, மிச்சக் கல் இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

"அது இங்கன இல்ல," என்றார் பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு. "தோஷம் கழியட்டும்னு குத்தாலத்துல கொண்டு போட்டுட்டேன். அருவித் தண்ணி படுற எடத்துல."

"ஏ வே, என்கிட்ட நீரு ஒரு வார்த்தை சொல்லலையே!" என்று மீரான் சாயபு கத்திவிட்டார். மனுசனுக்கு ஒரு கஷ்டம் வந்தால் அருவியில் போய்த் தலையைக் கொடுத்துவிட்டு வருவது அந்த ஊர்க்காரர்களின் வழக்கம். பிள்ளை அதே வைத்தியத்தைக் கல்லுக்கும் செய்துவிட்டார். ஒரு மாதத்துக்கு மேலாகத் தண்ணீரில் கிடக்கிற கல். அதுவும் கல்லுக்குப் பஞ்சமே இல்லாத குற்றாலத்தில்.

அப்போது அடுக்களைக் கதவின் பின்னாலிருந்து ஒரு பெண் பேசினாள். செண்பகம், கல்யாணப் பெண். கழுத்தில் புதுத் தாலி மஞ்சள் மாறாமல் இருந்தது. "நான் இங்கனதான் நின்னேன். முதல்ல மேல டமார்னு ஒரு சத்தம். சாரல்ல எங்கயாவது இடி இடிக்குமா? பொறவுதான் ஓடு ஒடஞ்சுது. நேரா மேல இருந்துதான் வந்துச்சு. அதைச் சொன்னா யாரு கேக்கா?" என்றாள். அழவில்லை. அழுது முடித்துவிட்டவளின் குரல் அது.

மறுநாள் பிள்ளையும் நானும் குற்றாலம் போனோம். பேரருவியின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. உடம்பெல்லாம் எண்ணெய் மின்ன, கோவணத்தோடு வக்கீல்களும் வியாபாரிகளும் வித்தியாசமில்லாமல் வரிசையாகத் தலையைக் கொடுத்துக்கொண்டு நின்றார்கள். கையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு ஒருவர் என்னைத் துரத்தினார். "தேச்சு விடுதேன் வாங்க. கம்பளியச் சுத்திக்கிட்டு வந்திருக்கியளே, குத்தாலத்துக்கு வந்தும் சளியா?" என்றார். நான் ஓடித் தப்பினேன்.

பிள்ளை கல்லை வைத்த இடத்தைக் காட்டினார். அருவித் தண்ணீர் வழிந்து ஓடுகிற வாய்க்காலின் ஓரம். அங்கே கல் இருந்தது. எத்தனையோ கல் இருந்தது. எல்லாம் பழுப்பு, எல்லாம் பாசி.

நான் கொண்டுபோயிருந்த லாடக் காந்தத்தைக் கயிற்றில் கட்டி ஒவ்வொரு கல்லின் மேலும் தொங்கவிட்டுக்கொண்டே போனேன். வானத்துக் கல்லிலுள்ள இரும்பு காந்தத்தை இழுக்கும். கொஞ்ச நேரத்தில் என் பின்னால் ஈரத் துண்டோடு ஒரு கூட்டம். "புதையல் பாக்குதாரு" என்றான் ஒருவன். "ஏலே, மலையாளத்து மாந்திரீகம்லே, கிட்டப் போவாத" என்றான் இன்னொருவன். நான் முழங்கால் தண்ணீரில் தும்மிக்கொண்டே நடந்தேன். காந்தம் எதிலும் அசையவில்லை. வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அதைப் பிள்ளையிடம் சொல்ல வாய் வரவில்லை. அவர் கரையில் நின்று என் கையிலிருந்த கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நடுங்கிப்போய்ச் சுக்குக்காப்பி குடிக்கலாம் என்று மேலே ஏறினேன். ஒரு அம்மாள் மூன்று கல் கூட்டி அடுப்பு வைத்து விற்றுக்கொண்டிருந்தார். காப்பியை வாங்கக் குனிந்தபோது என் கையில் தொங்கிய காந்தம் பக்கவாட்டில் நகர்ந்து ஓர் அடுப்புக்கல்லில் 'டக்'கென்று ஒட்டிக்கொண்டது.

காப்பியைக் கீழே வைத்துவிட்டு அடுப்படியில் மண்டியிட்டேன். "ஏ அய்யா, என் அடுப்புல என்ன தேடுதிய?" என்று அந்த அம்மாள் அகப்பையை ஓங்கினார். கல்லை எங்கே எடுத்தீர்கள் என்று பிள்ளை கேட்டார். "வாய்க்கா ஓரத்துல சும்மாதான் கெடந்துச்சு. சின்னக் கல்லு, ஆனா நல்ல கனம். ஆடாம நிக்கும்னு எடுத்தேன். அதுக்கு இப்போ என்ன?"

பானை காலியாகும்வரை கல்லைத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். பதிலுக்கு அதே உயரத்தில் ஒரு கல்லும் கொண்டுவரவேண்டும். பிள்ளையும் நானும் கல் கல்லாகத் தூக்கிவந்தோம். "இது ஆடுது. இது குட்டை. இது வெடிக்கிற கல்லு" என்று ஒவ்வொன்றையும் காலால் தள்ளினார். ஒருவழியாக ஒன்று பிடித்துப்போனது. பானையை இறக்கி, எங்கள் கல்லைச் சாக்கில் உருட்டிவிட்டார். சின்னத் தேங்காய் அளவு, முழுவதும் கரி. புளி, சாம்பல், அருவி, இப்போது நெருப்பும் பார்த்தாயிற்று.

"இதுதானோ?" என்றேன்.

பிள்ளை திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுதான்னு நெனைக்கேன். எல்லாம் கறுத்துப் போச்சே. எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். அவருக்குக் கண் கலங்கியது. காந்தம் ஒட்டுவது மட்டும் போதாது. இரும்புச்சத்துள்ள சாதாரணக் கல்லிலும் காந்தம் ஒட்டும். அறுத்தால்தான் தெரியும்.

செங்கோட்டை திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருக்கிறது. மாப்பிள்ளை வீடு அங்கே. மீரான் சாயபுவும் நானும் பஸ்ஸில் போனபோது எல்லையில் இருக்கிற சுங்கச் சவுக்கையில் இறக்கி, என் பையைக் கவிழ்த்தார்கள். அறுக்கிற கம்பி வில், காந்தம், குருந்தக்கல் பொடி. சேவகர் பொடியை விரலில் எடுத்து, "இது எந்த ஊரு மூக்குப்பொடி?" என்றார். கல்லறுக்கிற பொடி என்று சொன்னேன். கல்லறுக்கிறவன் கம்பளி சுற்றிக்கொண்டு ஏன் இப்படி நடுங்குகிறான் என்று அவருக்குச் சந்தேகம். பஸ்காரர் ஊதலை விடாமல் அழுத்தியதால் விட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது.

மாப்பிள்ளையின் தாயார் பகவதியம்மாள். கணவர் இல்லை, வீடும் தோப்பும் அவர் சொல்லுக்குத்தான் நடக்கின்றன. நாங்கள் வந்த காரியம் தெரிந்தும் முதலில் இலை போட்டுப் புட்டும் பயறும் ஏத்தம்பழம் என்கிற நேந்திரம்பழமும் வைத்தார். எங்கள் ஊர்ப் பிட்டைவிடத் தேங்காய்ப்பூ அதிகம். மாப்பிள்ளை தூணோரம் நின்றான். தாயார் முகத்தையும் எங்கள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"வானத்துல இருந்து விழுந்த கல்லுன்னா சொல்லுதிய? அப்போ நாளைக்கு எந்தக் களவாணி எறிஞ்சாலும் இதையே பறைஞ்சிரலாமே," என்றார் பகவதியம்மாள்.

"அறுத்துக் காட்டுறன் அம்மா. உள்ளுக்குப் பார்த்தால் தெரியும்," என்றேன்.

"செரி. என் கண்ணு முன்னால அறுங்க. எங்க தோப்புல இருந்து ஒரு கல்லு நானும் கொண்டாறேன். ரெண்டும் ஒண்ணுபோல இருந்துச்சுன்னா, அவ அவ அப்பன் வீட்டுலயே இருந்துக்கிடட்டும். அதுக்கு மேல பேச்சு மதி, போதும்."

திரும்பி வருகிற வழியெல்லாம் இதே யோசனைதான். நான் என்ன செய்துவிட்டேன்? அறுத்த முகம் வெறும் கல்லாக இருந்தால் யாரோ எறிந்தான் என்ற பேச்சுக்கு நானே சாட்சி சொன்ன மாதிரி ஆகும். ஏதோ ஒரு வாய்க்கால் கல்லைத்தான் சுக்குக்காப்பி அம்மாள் எடுத்திருந்தால்? பிள்ளைக்கே அடையாளம் தெரியவில்லையே.

மாலையில் அச்சன்புதூருக்குப் போய் செண்பகத்திடமும் அவள் அப்பாவிடமும் மறைக்காமல் சொன்னேன். "தங்கச்சி, எனக்கு நிச்சயமாத் தெரியேல்லை. அறுக்காமல் விட்டால், வானத்துக் கல்லாயிருக்கலாம் எண்டு நான் எழுதித் தரலாம். அது பொய்யில்லை. அறுத்துப் பிழையாய்ப் போனால் ஒண்டும் செய்யேலாது."

பிள்ளை "எழுதியே குடுத்திருங்க" என்று என் கையைப் பிடித்தார்.

"வேண்டாம்பா," என்றாள் செண்பகம். "எழுதின தாளை எங்க அத்தை அடுப்புல போட்டிருவா. அறுங்க அண்ணாச்சி. அது விழுறதை நான் பாத்தேன். எனக்குத் தெரியும். அவங்களுக்குத்தான் தெரியணும்."

மறுநாள் காலையில் பகவதியம்மாள் பிள்ளை வீட்டுக்கு வந்தார். மாப்பிள்ளையும் கூட வந்தான். அந்த அம்மாள் வீட்டுப்படி ஏறவில்லை; பின்முற்றத்துக்குச் சுற்றிக்கொண்டு வந்து, கிணற்றடியில் ஒரு பலகையில் உட்கார்ந்தார். மடியில் தோப்புக் கல். செண்பகம் அடுக்களை வாசலிலேயே நின்றாள்.

கல்லைச் சட்டத்தில் இறுக்கி, வில்லில் கட்டிய கம்பியை அதன்மேல் வைத்து இழுத்தேன். தண்ணீர் விட்டால் துரு ஏறும் என்று தேங்காயெண்ணெயில் குருந்தப் பொடியைக் குழைத்து ஊற்றினேன். கர்ர் கர்ர் என்று ஒரே சத்தம். அரை நாழிகைக்குள் எனக்குத் தோள் விட்டுப்போயிற்று. மீரான் சாயபு சட்டையைக் கழற்றிவிட்டு வாங்கினார், பிறகு பிள்ளை. கம்பி இரண்டு தடவை அறுந்தது. கொஞ்சம் கழித்து மாப்பிள்ளை எழுந்துவந்து மாமனார் கையிலிருந்த வில்லை வாங்கிக்கொண்டான். தாயார் பார்த்தார், தடுக்கவில்லை. வெளிப்புறம் கரி, அதற்குள் ஒரு விரற்கடைக்குத் துரு. வழிகிற எண்ணெய் செம்மண் நிறமாகவே வந்தது. செம்பாறை அறுத்தாலும் அப்படித்தான் வரும்.

உச்சிவேளை தாண்டிக் கல் இரண்டாகப் பிரிந்தது. நான் உடனே பார்க்கவில்லை. துணியால் துடைத்தேன், மறுபடியும் துடைத்தேன். எத்தனை நேரம்தான் துடைப்பது? கண்ணாடியை எடுத்துக் குனிந்தேன்.

உள்ளே சாம்பல் நிறம். அந்தச் சாம்பலில் கடுகைத் தூவின மாதிரி சின்னச் சின்ன உருண்டைகள். நடுநடுவே வெள்ளிப் பொட்டாக இரும்பு. சிலவற்றைச் சுற்றி மட்டும் துருக் கறை. பூமியில் உண்டான கல்லில் இந்தச் சேர்க்கை கிடையாது. நான் எத்தனையோ வில்லைகளில் பார்த்த காட்சிதான். ஆனால் அன்றைக்கு எனக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கைச் சிந்துகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

"என்ன வே, சொல்லும்!" என்று மீரான் சாயபு என் தோளைக் குலுக்கினார். நான் கண்ணாடியைப் பகவதியம்மாளிடம் நீட்டினேன்.

அவர் நெடுநேரம் பார்த்தார். "இதை யாரு இப்படி உருட்டி உருட்டி வச்சா?" என்றார்.

"ஒருத்தருமில்லை அம்மா. அது உண்டான இடத்திலை அப்பிடித்தான் உண்டாகும். எங்கட மண்ணிலை உண்டான கல்லு இப்பிடி இராது."

அவர் மடியிலிருந்த கல்லை என்னிடம் தந்தார். அதை அறுக்க வேண்டியிருக்கவில்லை. பிள்ளை சம்மட்டியால் ஒரே போடு போட்டார். உள்ளே வெள்ளையும் ரோஜா நிறமுமாகச் சாதாரணப் பாறைக் கல். கண்ணாடியை வைத்து அதையும் பார்த்தார். மறுபடி எங்கள் கல்லைப் பார்த்தார்.

"அப்போ எவனும் எறியல."

"இல்லை அம்மா."

பிள்ளை அப்படியே கிணற்றுச் சுவரில் சாய்ந்தார். காரியம் முடிந்தது என்று நானும் கம்பளித் துண்டைத் தளர்த்தினேன். ஆனால் பகவதியம்மாள் எழுந்திருக்கவில்லை. "மனுசன் எறிஞ்சாலும் ஒரு காரணம் இருக்கும். ஆகாசமே எறிஞ்சிருக்குன்னா? அதுவும் நாங்க இலையில உக்காந்த நேரத்துல? இவ காலெடுத்து வைக்கிற வீட்டுல நாளைக்கு என்ன விழுமோ, யாரு கண்டா?" என்றார்.

காந்தத்துக்கும் கண்ணாடிக்கும் எட்டாத கேள்வி அது. கஷ்டப்பட்டு ஒரு பழியைத் துடைத்து, அதைவிடப் பெரிய பழியைக் கொண்டுவந்து அந்தப் பெண்ணின் தலையில் வைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

செண்பகம் வாசலை விட்டு இறங்கி வந்தாள். மாமியார் எதிரில் நின்று, குரலை உயர்த்தாமல் கேட்டாள்: "அத்தே, பெரிய கோயில் கோபுரத்துல இடி விழுந்துச்சு. இன்னைக்கும் பொளந்துதான் நிக்குது. அதுக்காக உள்ள இருக்கிற அம்மனை ராசி கெட்டவன்னு யாராவது சொல்லுதாங்களா? நீங்களே வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வண்டி கட்டி வருதிய."

பகவதியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார்.

"வாய் இருக்கே இவளுக்கு," என்றார் மகனிடம். பிறகு பிள்ளையிடம் திரும்பினார். "ஆவணி பொறந்ததும் வாறோம். சொதி வையிங்க. அன்னைக்கு நான் உங்க வீட்டு இலையை விட்டு எந்திச்சிருக்கப்பிடாது."

எழுந்தவர் படியேறி வீட்டுக்குள் போனார். அடுக்களையில் நின்று புது ஓட்டை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து என்னிடம், "எனக்கு அதுல ஒரு வில்லை வேணும்" என்றார்.

மிச்சமிருந்த கம்பிக்கு இரண்டு வில்லைதான் தேறும். மிச்சக் கல்லோடு அவையும் நூதனசாலைக்கு என்று பிள்ளை முன்பே ஒப்புக்கொண்டிருந்தார். நான் தயங்கினேன்.

"அஞ்சாறு வீட்டுல நான் பேசியிருக்கேன்," என்றார் அந்த அம்மாள். முகம் சிவந்துவிட்டது. "எந்த வாயால பேசினேனோ அந்த வாயாலதான் மாத்திச் சொல்லணும். சும்மா சொன்னா எவ நம்புவா? இதைக் கையில வச்சுக்கிட்டுத்தான் சொல்லணும்."

நான் பிள்ளையைப் பார்த்தேன். அவர் செண்பகத்தைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள். அடுத்த இரண்டு நாளில் இரண்டு வில்லை அறுத்து மெருகேற்றி, நன்றாக வந்ததைப் பஞ்சில் சுற்றி, ஈரம் படாமல் வைக்கச் சொல்லிப் பகவதியம்மாளிடம் கொடுத்தேன்.

ஆவணி விருந்துவரை இருந்துதான் வந்தேன். எங்கள் ஊரில் சொதி என்றால் இடியப்பத்தை நனைக்கிற தண்ணீர்ப் பால். அச்சன்புதூர்ச் சொதி வேறு சாதி. பருப்பும் முருங்கைக்காயுமாகக் கெட்டியாக வந்தது, கூடவே இஞ்சிப் பச்சடி. முதல் கவளம் வாய்க்குப் போகுமுன் பந்தி முழுவதும் ஒரு தடவை கூரையைப் பார்த்தது. பகவதியம்மாள்தான் முதலில் சிரித்தார். அன்று மாலை செண்பகம் வண்டியேறும்போது என்னைப் பார்த்து, "ஓம் அண்ணாச்சி, போயிட்டு வாறேன்" என்றாள். மீரான் சாயபு துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், சாரல் என்று சொன்னார்.

கொழும்பில் துரை கல்லையும் வில்லையையும் மேசையில் வைத்துச் சந்தோஷமாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு வெட்டுத் தடங்களைக் கவனித்து, "இரண்டு வில்லை அறுத்திருக்கிறாய். மற்றது எங்கே?" என்றார். வரும் வழியெல்லாம் பயந்துகொண்டு வந்த கேள்வி அதுதான்.

"செங்கோட்டையில் ஒரு வீட்டில் வேலையில் இருக்கிறது ஐயா," என்றேன். முழுக் கதையையும் சொன்னேன்.

"அந்த வேலை எப்போது முடியும்?"

"அந்தப் பெண்ணைப் பற்றி அந்த ஊரில் யாரும் எதுவும் கேட்காமல் போகும்போது."

துரை பதிவேட்டில் 'வில்லை ஒன்று' என்று எழுதினார். பிறகு இருக்கிற ஒரு வில்லையை எடுத்துக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்க்கத் தொடங்கினார்.